காதைப் பார்க்காமலேயே காதுக்கு மருந்தா?

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்)

மகனுக்கு இரண்டரை வயது. ஐந்து மாதத்தில் நான்கு முறை ஆன்டிபயாடிக் சிரப் குடித்துவிட்டான். முதல் தடவை காய்ச்சலும் காதுவலியும். அடுத்தது, மூக்கில் பச்சையாகச் சளி வந்ததற்கு. மூன்றாவது, கண் சிவந்து பீளை கட்டி, கூடவே காதும் வலித்தபோது. நான்காவது, தொண்டை சிவந்திருக்கிறது என்று. இந்த நான்கில் முதல் தடவை மட்டும்தான் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். மற்ற நேரமெல்லாம் நான் சொன்னதைக் கேட்டு, சீட்டு எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நேற்று ராத்திரியிலிருந்து மறுபடி காதைப் பிடித்து இழுக்கிறான். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறான், விளையாடுகிறான். போன தடவை மிச்சமான சிரப் கால் பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதையே கொடுத்துவிடலாமே என்று வீட்டில் ஒரு பேச்சு. எனக்கு மனசு வரவில்லை.

காது, மூக்கு, தொண்டை, கண், எதில் வந்தாலும் ஒரே சிரப்தானா? டாக்டர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தூங்கி நாளாகிவிட்டது, கோர்வையாக எழுத வரவில்லை. போதாக்குறைக்கு இப்போதெல்லாம் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை, பிடிவாதம் ஏறிக்கொண்டே போகிறது.

மூன்றுபிள்ளைக்காரி

முதலில் அந்தக் கால் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். பொடியில் தண்ணீர் கலந்த சிரப் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அப்புறம், கால் பாட்டில் எப்படி மிச்சமானது என்பதும் ஒரு கேள்வி!

காதை இழுப்பதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். என் மூன்றும் தூக்கம் வந்தால் காதைத்தான் பிடிக்கும். ஒருத்தி சும்மா போரடித்தாலே இழுப்பாள்.

ஸ்டெத்

குழந்தை மருத்துவர் நான். உங்கள் பையனைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் எப்படி யோசிக்கிறோம் (அல்லது யோசிக்க வேண்டும்) என்பதை மட்டும் சொல்கிறேன்.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது, யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இறங்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்து மூக்கின் பின்பக்கம் வீங்கினால் குழாய் அடைபடும், நடுக்காதில் நீர் தேங்கும், அதில் கிருமி சேர்ந்தால் சீழ். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இது அதிகம் வருவதற்கு அதுதான் காரணம். வளர வளரக் குறையும்.

இது நடுக்காதுத் தொற்றுதானா என்று சொல்வது செவிப்பறைதான். வேறு எதுவும் சொல்லாது. காய்ச்சலும் சொல்லாது, காதை இழுப்பதும் சொல்லாது. செவிப்பறை சிவந்திருந்தால் மட்டும்கூடப் போதாது, ஏனென்றால் வாய்விட்டு அழுகிற எந்தக் குழந்தைக்கும் அது சிவக்கும். வெளியே பார்த்து உப்பியிருக்கிறதா என்பதே கேள்வி. குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். திமிறுகிற குழந்தையைப் பிடித்து இரண்டு காதையும் பார்ப்பது சுலபமில்லை, வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது சீட்டு எழுதுவது சுலபம். என் தொழிலைக் குறை சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

உப்பியிருந்தாலும் எல்லோருக்கும் உடனே ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2013 வழிகாட்டி பல இடங்களில் கைக்கொள்ளப்படுகிறது. காதிலிருந்து சீழ் வடிந்தால் கொடுக்க வேண்டும். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் போனால், வலி கடுமையாக இருந்தால், இரண்டு நாளாக விடாமல் வலித்தால் கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே இரண்டு காதிலும் இருந்தால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது. மற்றவர்களுக்கு வலிமருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம், குறையாவிட்டால் ஆரம்பிக்கலாம்.

பச்சைச் சளி பற்றி: சளி பிடித்த மூன்றாம் நான்காம் நாளில் நிறம் மாறுவது வழக்கம்தான். நம் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதன் நிறம் அது. நிறத்தைப் பார்க்காதீர்கள், நாட்களை எண்ணுங்கள். பத்து நாளாகியும் துளிகூடக் குறையாவிட்டாலோ, குறைந்து வந்தது திடீரென்று திரும்பினாலோ, ஆரம்பத்திலேயே 39 டிகிரி காய்ச்சலும் கெட்டிச் சளியும் மூன்று நாளுக்கு விடாமல் இருந்தாலோ சைனஸ் தொற்றை யோசிப்போம். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் பத்து நாள் என்று வையுங்கள், வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

சந்தேகராசா

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது டாக்டர். பொறுத்துப் பாருங்கள் என்று எங்களுக்கும் ஒருவர் சொன்னார். பொறுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு என் மகள் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. காலையில் தலையணை முழுக்கச் சீழும் ரத்தமும். செவிப்பறை கிழிந்துவிட்டது. அன்றைக்கே மருந்து கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா? வழிகாட்டி எழுதுகிறவர்கள் ராத்திரி அவரவர் வீட்டில் தூங்குகிறார்கள்.

ஸ்டெத்

உங்கள் கோபம் புரிகிறது. முதல் டோஸ் உள்ளே போனதும் கிழியாமல் இருந்திருக்குமா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் முதல் 24 மணி நேரத்தில் வலியைக் குறைப்பதில்லை. அந்த ராத்திரியில் அழுகையைக் குறைத்திருக்கக்கூடியது வலிமருந்துதான். பாராசிட்டமாலை வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பலர் பயந்துகொண்டு பாதி அளவு கொடுத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பார்கள். "பொறுத்துப் பாருங்கள்" என்று சொன்னவர் வலிமருந்தின் அளவை எழுதிக் கொடுத்தாரா, எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொன்னாரா? சொல்லாவிட்டால் அது காத்திருப்பு இல்லை, கைகழுவல்.

இன்னொன்று, தொற்றில் கிழிகிற சின்ன ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். சீழ் வெளியேறியதும் வலியும் சட்டென்று குறையும். இப்போது மகளுக்குக் காது எப்படி இருக்கிறது?

சந்தேகராசா

மூடிவிட்டது. கேட்கிறது. வலிமருந்து பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அது உண்மைதான்.

மூன்றுபிள்ளைக்காரி

டாக்டர், அந்தக் கண் விஷயம்? சிவந்து ஒட்டிக்கொண்டால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு வாங்கிப் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

ஸ்டெத்

அக்கா, அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? கடைகளில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்தது சர்வசாதாரணமாகக் கைமாறும். போட்டதும் சிவப்பு வடியும், ஆகா என்றிருக்கும். கருவிழியில் ஹெர்ப்பீஸ் கிருமி இருந்தால் அதே சொட்டு பார்வையையே எடுத்துவிடும். வருடக்கணக்கில் கண் அரித்துக் கசக்குகிற ஒவ்வாமைக் குழந்தைகள் இதை மாதக்கணக்கில் போட்டு, கண் அழுத்தம் ஏறி வருவதை நானே பார்த்திருக்கிறேன். கண் டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு கூடவே கூடாது.

மற்றபடி சாதாரணக் கண் சிவப்பு, அதாவது நாம் மெட்ராஸ் ஐ என்று சொல்வது, பெரும்பாலும் வைரஸ். தண்ணீராக ஒழுகும், ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும், ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். காலையில் இமை ஒட்டும்படி கெட்டியாகப் பீளை வருவது பாக்டீரியாவாக இருக்கலாம், குழந்தைகளிடம் அது அதிகம். அரிப்புதான் பிரதானம் என்றால் ஒவ்வாமை. வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல், இதில் ஒன்று இருந்தாலும் அது சாதாரணக் கண் சிவப்பு இல்லை, அன்றே காட்ட வேண்டும். பிறந்து 28 நாளுக்குள் பீளையோடு கண் சிவந்தாலும் அப்படித்தான், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

கைக்குழந்தைக்குக் கண் சிவக்காமல், எப்போதும் ஒரு கண்ணில் நீர் தளும்பிக்கொண்டே இருந்தால் கண்ணீர்க் குழாய் திறக்காமல் இருக்கும். கண்ணின் உள்மூலையில் மூக்கோரமாக விரலால் அழுத்திக் கீழே நீவச் சொல்லிக் கொடுப்போம். பத்தில் ஒன்பது ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும்.

அரைத்தூக்கம், உங்கள் மூன்றாவது சிரப்புக்கு வருகிறேன். கண்ணில் பீளையும் காதில் வலியும் சேர்ந்து வந்தால் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா என்ற பாக்டீரியாவை நினைப்போம். அந்தத் தடவை ஆன்டிபயாடிக் நியாயமாகவே இருந்திருக்கலாம், காதைப் பார்க்காமல் எழுதியதுதான் தப்பு. முதலாவதும் பார்த்து எழுதியது, குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதும் நான்காவதும் எனக்கு உறுத்துகின்றன. ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொண்டைத் தொற்று, அதாவது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், முக்கியமாக 5 முதல் 15 வயதுக்காரர்களுக்கு. மூன்று வயதுக்குக் கீழே அபூர்வம். இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் கூடவே இருந்தால் அநேகமாக வைரஸ்.

தொண்டைக்குள்முள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு ஏழு வயது, அவனுக்கு அந்த ஸ்ட்ரெப்தான் என்று பஞ்சால் தடவிப் பார்த்துச் சொன்னார்கள். பத்து நாள் மருந்து. மூன்றாம் நாளே துள்ளிக் குதிக்கிறான். பத்து நாளும் வேண்டுமா? டான்சிலை எடுத்துவிடலாமா என்று மாமியார் கேட்கிறார்.

ஸ்டெத்

வேண்டும். மருந்து தொண்டைவலிக்கு மட்டும் இல்லை, ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடாமல் இருப்பதற்கு. பென்சிலின் வகை என்றால் பத்து நாள். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும், அதனால் பரிசோதனை முடிவுக்கு ஒரு நாள் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

டான்சிலுக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருடம் ஆண்டுக்கு மூன்று முறை. ஒவ்வொன்றும் பார்த்துப் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். அதற்குக் குறைவென்றால் காத்திருப்பது நல்லது. ஆனால் பையன் தினமும் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுகிறான் என்றால் கணக்கே வேறு, தொற்று எத்தனை தடவை என்று எண்ண வேண்டாம், இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். அங்கே அடினாய்டையும் (மூக்கின் பின்பக்கம் இருக்கும் டான்சில் போன்ற சதை) சேர்த்துப் பார்ப்பார்கள்.

இரவுப்பணி

அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டதற்கு என் பங்கு.

பட்டன் பேட்டரி. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால், விழுங்கினால், ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். சொட்டு மருந்தோ உப்புத் தண்ணீரோ விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அது ஜலதோஷம் இல்லை, உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்றே நினையுங்கள். ஒரு சிறுமியை மூன்று வாரம் சளி மருந்து கொடுத்துக் கூட்டி வந்தார்கள். உள்ளே பொம்மையின் காலணி. ஊறிப்போய், கருத்து... அந்த வாடை என் முகக்கவசத்தில் இரண்டு நாள் இருந்தது. மணி, பொம்மைத் துண்டு போன்றவை முன்பக்கமே இருந்தால் நாங்களே முதலில் ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுப்போம். அம்மா குழந்தையின் வாயில் வாய் வைத்து, நன்றாக இருக்கிற மூக்குத் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, சட்டென்று ஒரு ஊது ஊத வேண்டும். 1965-இலேயே எழுதிவைக்கப்பட்ட முறை, தாய் முத்தம் என்று பெயர். பாதிப் பேருக்கு மேல் பலிக்கிறது. கொண்டை ஊசியால் நோண்டினால் பொருள் பின்னால்தான் போகும்.

கண் இமை வீங்கி, கண் முன்னுக்குத் தள்ளி, விழியை அசைத்தால் வலி, காய்ச்சல்: சைனஸ் தொற்று கண்குழிக்குள் இறங்கியிருக்கலாம், ராத்திரியானாலும் வாருங்கள். காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வீங்கிச் சிவந்து, காது மடல் வெளியே தள்ளி நின்றாலும் அதேதான்.

குழந்தை எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூச்சை இழுக்கும்போது ஓசை வந்தால், ஸ்பூனை விட்டு நாக்கை அழுத்திப் பார்க்காதீர்கள். படுக்க வைக்காதீர்கள். மடியில் வைத்தபடியே கொண்டுவாருங்கள். நாய் குரைப்பது போல இருமல் மட்டும் என்றால் அது குரூப் (வைரஸால் குரல்வளை வீங்குவது), டாக்டர் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஒரே ஒரு டோஸில் பலர் சரியாகிப் போவார்கள். ஆனால் அமைதியாக இருக்கும்போதும் மூச்சில் ஓசை கேட்டால் காத்திருக்க வேண்டாம்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. முன்னால் குனிய வைத்து, எலும்பை விட்டுக் கீழே மிருதுவான இடத்தைப் பத்து நிமிடம் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு விட்டுப் பார்க்காமல் பிடியுங்கள்.

ஒற்றைக்கண்ணாடி

கண் பற்றிப் பேசுவதால் ஒன்று. என் மகளுக்கு மாறுகண் இருப்பதாக என் தம்பிதான் ஒரு போட்டோவைப் பார்த்துச் சொன்னான். மூக்குப் பாலம் அகலமாக இருந்தால் குழந்தைகளுக்கு அப்படித் தோன்றும், வளர்ந்தால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பொய் மாறுகண் என்று ஒன்று இருப்பது நிஜம்தான். ஆனால் நான்கு மாத வயதுக்குப் பிறகும் கண் விலகி நின்றால், ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் நிம்மதியாக இருக்கலாம். நாங்கள் நான்கு வயதில் காட்டினோம். ஒரு கண்ணை மூளை பயன்படுத்தாமலேயே விட்டிருந்தது, சோம்பல் கண். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டி மூடித் தினம் இரண்டு மணி நேரம். இரண்டு மணி போதுமா என்று சண்டை போட்டேன். மிதமான சோம்பல் கண்ணுக்கு ஆறு மணி நேரம் மூடுவதும் இரண்டு மணி நேரம் மூடுவதும் ஒரே பலனைத்தான் தருகின்றன என்று 2003-இல் வந்த ஆய்வைக் காட்டினார்கள். ஏழு வயதுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் உண்டாம். ஒட்டுத்துணியில் தினமும் ஒரு மிருகம் வரைந்தேன். ஒட்டகம் வரைந்த அன்று மட்டும் போட மறுத்தாள்.

ஃபிளாஷ் போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலும் உடனே காட்டுங்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் கோணத்தால் வருவதுதான். ஆனால் விழித்திரைப் புற்றுநோயும் அப்படித்தான் முதலில் தெரியும்.

ஒலிமானி

தாமதமாக வருகிறேன். அரைத்தூக்கம் எழுதியதில் கடைசி வரியை யாரும் பிடிக்கவில்லையே. "கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிடிவாதம்." நான் ஆடியாலஜிஸ்ட், காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவர். இந்த வரியை வாரத்தில் பத்து தடவை கேட்கிறேன்.

தொற்று வந்து போன பிறகும் நடுக்காதில் நீர் தங்கும். ஒரு மாதம் கழித்தும் பத்துக் குழந்தைகளில் நான்கு பேருக்கு இருக்கும். வலிக்காது, காய்ச்சல் வராது, காதில் ஏதோ அடைத்தாற்போல இருப்பதால் சிலர் இழுத்துக்கொண்டு திரிவார்கள். விரலால் காதைப் பொத்திக்கொண்டு பேச்சைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான் அவர்களுக்குக் கேட்கும். எதிரில் நின்று பேசினால் பதில் வரும், முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் வராது. டிவி சத்தம் கூடும். சளி பிடிக்கும்போது மோசமாகி நடுவில் தேறும், அதனால்தான் பிடிவாதம் என்று தோன்றும்.

டிம்பனோகிராம் எடுங்கள். காதில் ஒரு ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்ப்பது, வலி கிடையாது, ஒரு நிமிட வேலை. செவிப்பறை அசைந்தால் காகிதத்தில் மலை மாதிரி கோடு, நீர் இருந்தால் தட்டையான கோடு. கூடவே வயதுக்கேற்ற கேள்திறன் பரிசோதனையும்.

இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், சளி மாத்திரை வேண்டாம், ஆன்டிஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை மருந்தும் வேண்டாம். எதுவும் நீரை வற்ற வைக்காது. மூன்று மாதம் பார்ப்போம், பெரும்பாலோருக்கு வடிந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் இரண்டு காதிலும் நின்று, கேட்பதும் குறைந்திருந்தால் செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாயை வைப்பார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் அது தானாக விழுந்துவிடும். அதுவரை கூப்பிடும் முன் கிட்டே போய் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், காது நீருக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

மூன்றுபிள்ளைக்காரி

கடவுளே. என் நடுவாள் ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கடைசி பெஞ்சில் "கவனிப்பதில்லை" என்று திட்டு வாங்கினாள்.

அரைத்தூக்கம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு காதிலும் தட்டைக்கோடு. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எத்தனை தடவை அவனைத் திட்டினேன் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். காதை உள்ளே பார்த்தார்கள்: சிவப்பில்லை, உப்பவில்லை, உள்ளே குமிழி தெரிகிறதாம். மருந்து எதுவும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பியது வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது.

அரைத்தூக்கம்

இழையைத் தூசி தட்டுகிறேன். மறுபடி காட்டினோம். வலது காதில் மலை வந்துவிட்டது, இடதில் இன்னும் தட்டை. ஒரு காது தேறியதால் அவசரமில்லை, இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்கிறார்கள். நடுவில் ஒரு சளி வந்தது, பச்சையாகவே வந்தது, ஒன்பதாம் நாள் போயிற்று. நாட்களை எண்ணிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் நான் இன்னும் சத்தமாகத்தான் பேசுகிறேன். நேற்று "கத்தாதே அம்மா" என்றான்.

ஒரு கேள்வி பாக்கி. அடுத்த மாதம் விமானத்தில் போக வேண்டும். இடது காதில் நீரோடு கூட்டிப் போகலாமா?

ஒலிமானி

போகலாம். நீர் நிறைந்த காதில் அழுத்தம் மாற உள்ளே காற்றே குறைவு, அதனால் பல சமயம் அந்தப் பக்கம் வலிப்பதே இல்லை. இறங்கும்போது தூங்கவிடாமல் ஏதாவது குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வலது காதுக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். அன்றைக்கு மூக்கடைப்பும் காதுவலியும் புதிதாக இருந்தால் மட்டும் கிளம்பும் முன் ஒருமுறை காதைக் காட்டிவிடுங்கள்.